ஜெரார்தோ வீட்டு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிப்பதற்கு முன்பே ஜெரார்தோ வீட்டு அடுப்பில் சட்டி ஏறிவிடும். எங்கள் சந்து குறுகலானது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சன்னலில் இருந்தபடியே உப்பு வாங்கிக்கொள்ளலாம். அதனால் அவன் வெங்காயம் வதக்கினால் எனக்குத் தும்மல் வரும். என் செருப்புத் தைக்கும் கடையும் வீடும் அவன் வாசலுக்கு நேர் எதிரே. அவன் மகள் மிக்கெலினாவுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் கைபிடித்த ஞானத்தகப்பன் நான். அதனால் எங்களுக்குள் கும்பாரே முறை. அவன் பெண்சாதி டொனாட்டா எனக்குக் கும்மாரே.

வாரத்தில் ஆறு நாள் அவனுக்கு மலைச்சாலையில் வேலை. கோடையில் மண் சரிந்த இடத்தில் கல் அடுக்குவான். பனிக்காலத்தில் பேருந்து போகிற அளவுக்குப் பனியை வாரித் தள்ளுவான். கைகள் இரண்டும் காய்ந்த மரப்பட்டை மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கைகள் வேறு ஆள் கை ஆகிவிடும். அன்றைக்கு டொனாட்டாவை அடுப்புப் பக்கம் அண்ட விடமாட்டான். மாட்டிறைச்சியை மெல்லிய துண்டாக அரிந்து, கத்தியின் முதுகால் தட்டி, பூண்டும் பார்ஸ்லி இலையும் ஆட்டுப் பாலாடைக்கட்டித் துருவலும் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுவான். பன்றி விலா எலும்போடு அதை எண்ணெயில் சிவக்க விட்டு, ஒரு கை ஒயின் தெளித்து, ஆகஸ்டில் காய்ச்சிப் புட்டியில் அடைத்த தக்காளியைக் கவிழ்ப்பான். பிறகு மதியம் வரை அடுப்பை விட்டு நகரமாட்டான்.

“கொதிக்க விட்டா கெட்டுரும்வே. தூங்குற புள்ள மூச்சு விடுத மாதிரி விடணும்” என்பான்.

மதுக்கடையில் கேலி செய்தவர்கள் உண்டு. “என்ன ஜெரார்தோ, இந்த வாரம் பாவாடைய நீ கட்டினியா, அவ கட்டினாளா?”

“உன் பெஞ்சாதி வைக்க குழம்ப நீ தின்னுட்டுத்தான் இங்க வந்து குடிக்கே. உன் வருத்தம் எனக்குத் தெரியும்டே” என்று திருப்பிக் கொடுப்பான். கேலி செய்தவனே மத்தியானம் ஏதாவது ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு அவன் வாசலில் நிற்பான். அவனுக்கும் ஒரு தட்டு உண்டு.

திராட்சை பறித்து முடித்த அந்த இலையுதிர்காலத்தில்தான் தொடங்கியது. தோட்டத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரொட்டித் துண்டு ஒன்று அவன் நெஞ்சில் நின்றுகொண்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினான். ஒயினைக் குடித்து இறக்கிவிட்டு, “ரொட்டி சுட்டவனக் கூட்டிட்டு வாங்க, செங்கல் சுட்டிருக்கான்” என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவன் ரொட்டியின் மேல்தோலைக் கிள்ளி ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் மெத்தென்ற பாகத்தை மட்டும் தின்ன ஆரம்பித்தான். பிறகு அதையும் குழம்பில் ஊறப்போட்டான். தன் தட்டில் இருந்த இறைச்சிச் சுருளை மகள் தட்டில் வைத்து, “நீ தின்னு, வளருத புள்ள” என்றான்.

“எனக்கு இருவது வயசு ஆச்சுப்பா. இதுக்கு மேல எங்க வளர?”

“அகலத்துல வளரு.”

அவள் சிரித்தாள். டொனாட்டா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, “கும்பாரே, அவரு இடுப்பு வார்ல இன்னொரு ஓட்ட போட்டுக் குடுங்க” என்று வாரை நீட்டினாள். ஏற்கெனவே கத்தி முனையால் அவனே ஒரு ஓட்டை போட்டிருந்தான். அதற்கும் உள்ளே நான் இன்னொன்று போட்டேன்.

நேப்பிள்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போயிருந்தேன். உணவுக்குழாயில் கட்டி. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எடுக்க முடியாது என்று மூடிவிட்டார்கள். விலாவுக்குக் கீழே ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் வழியாகத்தான் இனி ஆகாரம் என்றார்கள். டாக்டர் டொனாட்டாவைத் தனியாக அழைத்து மீதியைச் சொன்னார். ஜெரார்தோ யாரிடமும் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. அவன் டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்.

“இனி வாயால தின்ன முடியுமா?”

டாக்டர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “முடியாது” என்றார்.

“தண்ணி?”

“நாக்கை நனைச்சுக்கலாம்.”

ஊருக்குத் திரும்பினபோது மலை முழுக்கப் பனி. பேருந்திலிருந்து வீடு வரை நானும் டொனாட்டாவும் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தோம். சாலையைப் பார்த்து, “என் இடத்துல எவனப் போட்டிருக்கானுவ? பனிய வாரினானா, தடவிக் குடுத்தானா?” என்றான். குரல் கம்மிப் போயிருந்தது. காற்று வீசினால் கேட்காது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் படுக்கையை விட்டு எழுந்ததும் ஏதோ குறைந்தது போல இருந்தது. என் மனைவி என்ஸா சன்னலைத் திறந்து மூக்கை நீட்டினாள். பனியின் வாடையும் விறகுப் புகையும் தவிர ஒன்றும் இல்லை.

ஜெரார்தோ வீட்டு அடுப்பில் இப்போது ஒரே ஒரு வேலைதான். டொனாட்டா கோழியை வேகவைத்து, அந்தச் சாற்றில் முட்டையும் பாலும் அடித்து, துணியில் வடிகட்டி, புனல் வைத்துக் குழாயில் ஊற்றுவாள். வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதையும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. சுவரில் சரம் சரமாகத் தொங்கிய வற்றல் மிளகாயைக்கூட எடுத்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

“அந்த மனுசன் அங்க உக்காந்திருக்கப்ப நான் எப்படிக் கும்மாரே தாளிக்கது? மோப்பம் பிடிச்சுக்கிட்டுக் கெடந்து சாகணுமா அவரு?” என்றாள் என்ஸாவிடம்.

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் எங்கள் அடுக்களையில்தான் சாப்பிட்டார்கள். ஜெரார்தோ மத்தியானம் கண் அயரும் நேரம் பார்த்து ஒருத்தி வருவாள். அவள் போனதும் அடுத்தவள். என்ஸா நாற்காலியை இழுத்துப் போடுவாள். டொனாட்டா உட்காரமாட்டாள். சுவரோரம் நின்றுகொண்டு, தட்டை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, கிடுகிடுவென்று விழுங்குவாள்.

“உக்காந்து தின்னு, கும்மாரே. யாரு வெரட்டுதா?”

“உக்காந்தா சாப்பாடு ஆயிரும். நின்னா, பசிக்கு ரெண்டு வாய். அவ்வளவுதான்.”

போகும்போது தொட்டியில் வாயைக் கொப்புளித்து, கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டு போவாள். நானும் என்ஸாவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. நாங்களே குரலைத் தாழ்த்திச் சாப்பிட ஆரம்பித்திருந்தோம்.

ஜனவரியில் ஒரு நாள், வெயில் கொஞ்சம் முகம் காட்டியிருந்தது. குளிருக்கு அடைத்தே கிடந்த சன்னலை அன்றைக்குத் திறந்து வைத்திருந்தோம். என்ஸா வற்றல் மிளகாயை எண்ணெயில் பொரித்து, முட்டையை உடைத்து ஊற்றினாள். எங்கள் ஊர் வற்றலில் காரம் இருக்காது. பொரித்தால் நொறுங்கும், அதன் வாசம் சந்து தாண்டிக் கோயில் வரை போகும். அன்றைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்தே வந்திருந்தார்கள். ஜெரார்தோ நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள்.

கதவு திறந்தது. மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, என் கடையில் சாத்தி வைத்திருந்த கோலை ஊன்றியபடி ஜெரார்தோ நின்றான். டொனாட்டா சுவரோரம். மிக்கெலினா தொட்டியோரம், வாய் நிறைய ரொட்டியோடு. அவளால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இரண்டு கன்னமும் உப்பியபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முழுங்குட்டி” என்றான் ஜெரார்தோ. “உனக்குத் தொண்டை நல்லாத்தான இருக்கு.”

எண்ணெய் சட்டியில் சடசடத்தது. என்ஸா அதை அடுப்பிலிருந்து தூக்கினாள்.

“எத்தன நாளா நடக்கு இது?”

“ஜெரார்தோ, உனக்கு ஒடம்பு...” என்று டொனாட்டா தொடங்கினாள்.

“எத்தன நாளான்னு கேட்டேன்.”

“நீ வந்ததுல இருந்து.”

அவன் மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. “களவாணிச் சிறுக்கியளா. சொந்த வீட்டுல தட்டு இல்லையா, கரண்டி இல்லையா? அடுத்தவன் வீட்டுச் சுவத்துல சாஞ்சு நின்னு கழுத மாதிரி தின்னுதீயளே!”

“பின்ன என்ன செய்யச் சொல்லுத?” டொனாட்டா தட்டை மேசைமேல் டணாரென்று வைத்தாள். “உன் முன்னால உக்காந்து சப்புக் கொட்டிக்கிட்டுத் தின்னணுமா? உனக்குக் குழாயில ஊத்திட்டு, நான் கறியக் கடிக்கணுமா? எனக்குத் தொண்டைக்குள்ள எறங்குமா அது?”

“இங்க மட்டும் எறங்குதாக்கும்.”

“எறங்கல! நின்னுக்கிட்டுத் தள்ளுதேன். தள்ளினாத்தான் உன்னத் தூக்கி நிறுத்தக் கையில தெம்பு இருக்கும்.”

அதைக் கேட்டு அவன் தலை குனிந்தான். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“கும்பாரே, நீரே சொல்லும். காலையில கண்ண முழிச்சா வீட்டுல ஒரு வாடையும் இல்ல. பூண்டு இல்ல, எண்ணெ இல்ல. கெடந்து கெடந்து யோசிச்சேன். செரி, மூக்கும் போயிட்டு போலன்னு நெனச்சுக்கிட்டேன்வே. இன்னிக்கு இந்த மொளகா வாடை வந்துச்சு பாரும்... அப்பத்தான் தெரிஞ்சுது, மூக்கு இருக்கு, வீடுதான் செத்துப் போச்சுன்னு.”

டொனாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னைய இப்பவே பெட்டியில வச்சு ஆணி அடிச்சிட்டீய. நான் இன்னும் சாகலட்டி. ஞாயித்துக்கெழம நான்தான் குழம்பு வைப்பேன். நீங்க உக்காந்து தின்னணும், என் கண்ணு முன்னால. கும்பாரே, நீரும் கும்மாரேயும் வரணும்.”

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அவன் அடுப்புக்கு எதிரே தலையணை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் பலகை. அதன்மேல் இறைச்சி. கத்தியால் தட்ட அவனுக்குத் தெம்பில்லை. மிக்கெலினா தட்ட, அவன் சுருட்டினான். நூல் கட்டும்போது முடிச்சு நழுவி நழுவிப் போனது. மிக்கெலினா கை நீட்டியபோது தட்டிவிட்டான். ஒரு சுருளைக் கட்டி முடிப்பதற்குள் அவன் நெற்றி வியர்த்துவிட்டது. டொனாட்டா மேசையின் மறு பக்கம் மாவு பிசைந்து, திரித்து, விரல் நுனியால் இழுத்து இழுத்துச் சின்னச் சின்னப் பாஸ்தாவாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வெங்காயம் எண்ணெயில் விழுந்த சத்தம் கேட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். டொனாட்டாவின் கை நின்றுவிட்டது.

“நீ மாவப் பாரு” என்றான், கண்ணைத் திறக்காமலே.

மதியம் ஆனது. சன்னல் கண்ணாடி வியர்த்து, வெளியே பனி தெரியாமல் போனது. அவன் மரக்கரண்டியால் குழம்பை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். வழக்கத்தில் வாயருகே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, பிறகு டொனாட்டா பக்கம் நீட்டினான்.

“உப்புப் பாரு.”

கலியாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக் குழம்பில் அவளை அவன் உப்புப் பார்க்கச் சொன்னதில்லை. அவள் கரண்டியை வாங்கி வாயில் வைத்தாள். திரும்பி நின்றுகொண்டு, “சரியா இருக்கு” என்றாள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவனுக்கும் ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி, ஒரு தம்ளர். மிக்கெலினாவிடம் எங்களுக்குப் பரிமாறச் சொன்னான். நான் ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை. ஒரு கல் உப்புகூட விழவில்லை. நான் என்ஸாவைப் பார்த்தேன், அவள் தட்டைப் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?”

“அருமைவே” என்றேன். “பழைய கைதான்” என்றாள் என்ஸா.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். எத்தனையோ வருசம் எங்கள் முகத்தைப் பார்த்தே பரிமாறியவன். “மிக்கெலினா, நீ சொல்லு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். “உப்பே இல்லப்பா. ஆஸ்பத்திரிச் சாப்பாடு கணக்கா இருக்கு.”

ஜெரார்தோவின் நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறான் என்று புரிய நேரமாயிற்று.

“ஏட்டி டொனாட்டா, சரியா இருக்குன்னு சொன்னியே!”

“கண்ணுலயும் மூக்குலயும் ஒழுகிக்கிட்டு நிக்கவகிட்ட உப்புக் கேட்டா என்ன சொல்லுவா? எனக்கு எல்லாம் உப்பாத்தான் இருந்துச்சு!”

என்ஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். உப்புக் கிண்ணம் கைமாறியது. இது போதும், இது போதாது என்று சத்தம் கூடியது. பாஸ்தா ஒரு கொதி முன்னாலேயே எடுத்திருக்கலாம் என்று அவன் குறை சொல்ல, உனக்கெப்படித் தெரியும் என்று டொனாட்டா கேட்க, நீ மெல்லுற சத்தத்துலயே தெரியுது என்று அவன் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பேச்சை ஏற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

இறைச்சி வந்தபோது அவன் தன் தட்டிலும் ஒரு சுருளை வைக்கச் சொன்னான். நூலைப் பிரித்து, சின்னத் துண்டாக அரிந்து, வாயில் போட்டான். மெதுவாக மென்றான். தாடை அசைவதையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கண் மூடியிருந்தது. வெகுநேரம் மென்றுவிட்டு, பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து அதில் துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த துண்டை எடுத்தான்.

மிக்கெலினா எழுந்து வெளியே போய்விட்டாள்.

டொனாட்டா கிண்ணத்தின்மேல் ஒரு கைத்துண்டைப் போட்டு மூடினாள். பிறகு தன் தட்டை இழுத்துக்கொண்டு தின்றாள். நான் எழுந்து வெளியே போனேன். மிக்கெலினா படியில், பனிமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள வாம்மா. துப்புதாருன்னா அவரு என்ன செய்வாரு, பாவம்.”

“துப்புததக்கூட நான் தாங்கிருவேன், ஞானப்பா. அதுக்கு முந்தி ஒரு நிமிசம் இருக்குல்லா... அவரு மறந்துருதாரு. முழுங்கப் போறாரு. மொகம் அப்படியே பழைய மொகமா ஆவுது. பொறவு ஞாவகம் வருது. ஒவ்வொரு வாய்க்கும் அப்படித்தான். நீங்க கவனிக்கலியா?”

நான் கவனித்திருந்தேன். அதனால்தான் எனக்கும் வெளியே வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவள் பக்கத்தில் நின்றேன். அவள் ஒரு கை பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டாள். எழுந்து உள்ளே போய், தன் நாற்காலியை அப்பா பக்கத்தில் நகர்த்திப் போட்டாள். அடுத்த முறை அவன் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது அவளே எடுத்துப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலெல்லாம் சந்தில் வாசம் இருந்தது. சில நாள் அவன் படுக்கையில் இருந்தபடியே கத்தினான்: “தீயக் குறைங்க, எனக்கு இங்க வரைக்கும் கொதிக்குது!” தவக்காலம் வந்து இறைச்சியை நிறுத்தி, கடலையும் கீரையும் சமைத்த நாட்களில், “சாமியாரவிட நான்தான் நல்லா நோன்பு இருக்கேன், அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றான். டொனாட்டா உட்கார்ந்து தின்றாள். அவள் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. அவனுக்கு எலும்பும் தோலும்தான் மிச்சம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு. மெல்லிய மழை. நான் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். டொனாட்டா இரண்டு கையிலும் பழந்துணி சுற்றி, ஆவி பறக்கும் சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தலையில் முக்காடு இல்லை. மழை சட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

“என்ன கும்மாரே?”

“வேண்டாங்காரு, கும்பாரே” என்றாள். “வெங்காயம் வதக்கும்போதே மொகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நாத்தம் அடிக்கு, கொண்டு போயிருங்காரு. குமட்டுதாம். ஜெரார்தோ சொல்லுதாரு. இத நாத்தம்னு ஜெரார்தோ சொல்லுதாரு.”

சட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் கைகள் சட்டி பிடித்த கணக்கிலேயே நின்றன. உள்ளே போய்ப் பார்த்தபோது சன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் தோளைத் தொட்டேன்.

“கும்பாரேயா?” என்றான் திரும்பாமல். “அவளப் போயி திட்டிட்டேன்வே. அவ கை நல்ல கைதான். வெளிய போயிச் சொல்லும்.”

நான் வெளியே போய்ச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அந்தக் குழம்பு எங்கள் அடுப்பின்மேல் இரண்டு நாள் அப்படியே இருந்தது. என்ஸாவும் நானும் தொடவில்லை.

புனித வாரத்தின் நடுவில், விடிந்து கொஞ்ச நேரத்தில், டொனாட்டா புனலைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவன் போய்விட்டான். அவனை மலைமேல் கல்லறையில் வைத்தபோது பாதாம் மரங்களில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. சாலை வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார் முறை வைத்து ஆக்கிக்கொண்டு வருவார்கள். முதல் நாள் முறை என்ஸாவுடையது. சாவு வீட்டுக்கு நோன்பில்லை என்று, கோழிச் சாற்றில் மெல்லிய நூல் பாஸ்தா போட்டு, பெரிய போணியில் துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கறுப்பு உடுத்திய பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஒப்பாரியை இழுத்துக்கொண்டிருந்தாள். டொனாட்டா மேசையருகே, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு வாய் குடி, கும்மாரே. மாட்டேன்னு சொல்லக் கூடாது” என்று என்ஸா தட்டை வைத்தாள். முதலில் மாட்டேன் என்பதுதான் வழக்கம். பெண்கள் அதற்குத் தயாராக இருந்தார்கள்.

டொனாட்டா கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு தலை நிமிராமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டு காலியாகும் வரை குடித்தாள். ஒப்பாரி வைத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டாள் டொனாட்டா.

என்ஸா ஊற்றினாள்.

“எங்க இருந்துச்சுன்னு தெரியல கும்மாரே இவ்வளவு பசி. அந்த மனுசன மண்ணுல வச்சுட்டு இப்பத்தான் வாரேன்.” கண்ணீர் தட்டுக்குள் விழுந்தது. அவள் கரண்டியை நிறுத்தவில்லை. “வெக்கமா இருக்கு.”

“வெக்கம் என்ன. ஆறிப் போறதுக்குள்ள குடி” என்றாள் என்ஸா. மிக்கெலினா ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். என்ஸா அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

நாங்கள் ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தோம். உள்ளே இரண்டு கரண்டிகள் தட்டில் படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.